வெண்குறுமீனின் பக்கத்தில் ஐந்து நாள்

டிக்.

கரண்ட் போன வீட்டில் முதலில் எழுந்தது அந்தச் சத்தம்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டிக். மகள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்தாள். சூடு இறங்கும் இரும்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் சத்தம் அது. தண்ணீர் தெளித்த பருத்தித் துணியிலிருந்து, பாதி வெந்த சோற்றின் வாசம் போல ஆவி எழுந்து வந்தது.

"வச்சிட்டு வாயேன். கரண்ட் வந்த பொறகு தேச்சிக்கலாம்."

"சூடு இருக்கும்மா. இன்னும் ரெண்டு சட்ட தேய்க்கலாம்."

ஸ்டோர் லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். 'சூடு இருக்கு' என்று அவள் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொல்லுக்கு நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உங்களில் மூன்று பேர் வந்திருந்தீர்கள். தலை நரைத்து, தொப்பை வைத்திருந்தீர்கள்; ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர்தான் கேட்டார்: "ஒனக்குத் தம்பி ஒருத்தன் பொறந்தானே, அடுப்பு ரூமுல வச்சிருந்தாங்களே, அவன் இருந்திருந்தா இப்ப நாப்பது தாண்டியிருக்கும்ல?" ஆமாம் என்றேன். மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

மகள் யூனிவர்சிட்டி கெம்பசில் பௌதிகம் படிக்கிறாள். லீவுக்குப் பதுளை வந்தால் ஒரு வாரத் துணியையும் ஒரே மத்தியானத்தில் தேய்த்துத் தள்ளுவாள். வாய் சும்மா இருக்காது. "இதே மாதிரி ஒரு நட்சத்திரம் இருக்கும்மா. வெண்குறுமீன். இந்தத் தவணைக்கு அதப் பத்தித்தான் எழுதிக் குடுக்கணும். கெழட்டு வெண்குறுமீன் ஒண்ணு, நல்லா ஆறிப்போனது."

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். ஒரு காலத்தில் அது சூரியனாக எரிந்தது. எரிய வேண்டியதெல்லாம் எரிந்து தீர்ந்தது. ஊதிப் பெருத்தது, பக்கத்தில் சுற்றியவற்றை விழுங்கியது, மேல் தோலை உதறியது. நடு மட்டும் மிஞ்சி, நம் பூமியின் அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. உள்ளே தீ இல்லை. இனி எரிக்க ஒன்றும் இல்லை. இருப்பது பழைய சூடு மட்டும். அதைத்தான் கோடி கோடி வருஷமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பேர்தான் வெள்ளை, கிழடானது வெள்ளையாக இருப்பதில்லையாம். மஞ்சளித்து, பிறகு அணையப்போகும் தணலின் நிறத்துக்கு வந்துவிடுமாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே ஒரு மங்கல் புள்ளி. ஆனால் முழுக்க ஆறி இருண்டுபோனது இன்னும் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு இந்த அண்டத்துக்கு வயது போதாது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "அதுக்குப் பக்கத்துல ஒரு ஒலகம் இருந்தா குளிராதா?"

அவள் சட்டைக் கழுத்தில் பெட்டியின் நுனியை அழுத்தினாள். "ரொம்பக் கிட்ட இருக்கணும்மா. அது ஆற ஆற, எதமான எடமும் உள்ள உள்ள போய்ட்டே இருக்கும். அது கூடவே போகணும். ஒலகம் எங்க அப்புடி நகரும்? நின்ன எடத்துலயே வெறச்சிப் போயிரும். ரொம்பக் கிட்டப் போனா ஒடஞ்சிரும்."

பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள்.

"பசி" என்றேன்.

*

தெமோதரை ஸ்டேசனிலிருந்து குறுக்குப் பாதையில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம் நம் தோட்டம். தேயிலை ஆலையை நாம் ஸ்டோர் என்போம். அதன் பின்பக்கம், மலையோடு ஒட்டிய இருட்டறையில் இருந்தது கொழுந்தைக் காய வைக்கும் பெரிய அடுப்பு. இரண்டு ஆள் உயரம். செங்கல்லுக்கு உள்ளே செங்கல், அதற்கு உள்ளே இன்னொரு செங்கல். இரும்புக் கதவு. அப்பாதான் அந்த அடுப்புக்காரர். யூகலிப்டஸ் கட்டைகளை அதன் வாய்க்குள் ஊட்டிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகூட அதற்குள் தணல் சாம்பல் மூடிக் கிடக்கும். நாம் பிறந்ததிலிருந்து அது அணைந்து பார்த்ததில்லை.

அந்த அறையின் வாசம் நினைவிருக்கிறதா? யூகலிப்டஸ் பிசின், சுட்ட மண், வறுபடும் கொழுந்து, அப்பாவின் வேர்வை. மழைக்காலத்தில் நாம் பள்ளிக்கூடச் சட்டையை அந்தச் சுவரில்தான் ஒட்டிக் காய வைப்போம். சுவரிலிருந்து உரித்தெடுத்தால் அப்பளம் மாதிரி மொறமொறப்பாக வரும். போட்டுக்கொண்டு ஓடினால் முதுகில் சுடும்.

அப்பாவின் உள்ளங்கைகளையும் பார்த்திருப்பீர்கள். தோல் செத்து, மரப்பட்டை போலத் தடித்துக் கிடந்த கைகள். கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைக் காது பிடிக்காமல் அப்படியே ஏந்துவார். தணலைப் பொறுக்கிப் பீடி பற்ற வைப்பார். லயமே அதைப் பார்த்து வியக்கும். அந்தக் கைக்கு நெருப்பு தெரியும். இளஞ்சூடு தெரியாது. குளிக்க வைத்த தண்ணீர் பதமா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். "ஆயி, கைய வச்சிப் பாரு." ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய பெருமை.

அந்த மார்கழியில், அடுப்புச் சூட்டில் கொழுந்தைக் காய வைக்கும் டிரையர் மெசினின் சக்கரத் தண்டு முறிந்தது. புதிய தண்டு கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரை கொழுந்தை லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். மெக்கானிக்மார் வந்து புகை போகும் குழாயைக் கழற்றிப் போட்டார்கள். அப்பா தணலை எல்லாம் வாரி வெளியே கொட்டினார். மழையில் அது சீறி அடங்கியது. மறுநாள் காலையில் நாம் அடுப்பு ரூமின் வாசலில் வரிசையாக நின்று, அதுவரை கேட்டேயிராத ஒரு சத்தத்தைக் கேட்டோம். இரும்புக் கதவு ஆறும் சத்தம். உங்களில் ஒருவன் சொன்னான், "உள்ள பேயி நகங் கடிக்குது." நாம் கூச்சலிட்டு ஓடினோம். அது சனிக்கிழமை.

ஞாயிறு விடியும்போது தம்பி பிறந்தான். இரண்டு மாதம் முந்தி.

*

ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவுதான் இருந்தான். நான் மிகைப்படுத்தவில்லை. மருத்துவச்சி அவனை ஒரே உள்ளங்கையில் தாங்கிக் காட்டினாள். தோல் அத்தனை மெல்லியது. உள்ளே ஓடும் நீல நரம்புகள், வெளிச்சத்துக்குப் பிடித்த கொழுந்திலையின் நரம்பு போலத் தெரிந்தன. அழவில்லை. வாயை மட்டும் திறந்து மூடினான்.

நம் காம்பரா உங்களுக்குத் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டு. ஈர விறகு, புகை, தகரத்தில் ஒழுக்கு. மருத்துவச்சி வாசலில் வந்து அப்பாவிடம் சொன்னாள்:

"இந்தக் காம்பராவுல வச்சா பொழைக்காது. பொகையும் ஆவாது, குளிரும் ஆவாது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இப்பயே போங்க."

அப்பாவின் முகம் கல்லானது. "பதுளைக்கா? மொதப் புள்ளயயுந்தான் கொண்டு போனேன். போறப்ப மூச்சு இருந்திச்சி. வர்றப்ப இல்ல."

எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். நான் பார்த்ததில்லை. அப்பா அவளைப் பற்றிப் பேசினால் ஆஸ்பத்திரியின் நீல வர்ணக் கதவைத்தான் திட்டுவார். நாலு நாள் காய்ச்சல் காய்ந்த பிறகே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதை, அம்மா தான் சாகும் வருஷத்தில்தான் எனக்குச் சொன்னாள். கதவின்மேல் தப்பில்லை. நாலு நாளின்மேல்தான் தப்பு. ஆனால் ஒரு மனிதன் நாலு நாளை எப்படித் திட்டுவான்? கதவைத்தான் திட்ட முடியும்.

"சூடுதான வேணும்?" என்றார் அப்பா. "அது எங்கிட்ட இருக்கு. பதினெட்டு வருசமா அந்த அடுப்பு தின்ன வெறகு அம்புட்டும் அந்தச் செவுத்துக்குள்ள கெடக்கு. எட்டு நாளைக்கு ஆறாது. பொகை இல்ல, காத்து இல்ல. எந்த ஆஸ்பத்திரியில இருக்கு அப்புடி ஒரு ரூமு?"

டீமேக்கர் ஐயா குடையோடு வந்து நின்றார். ஸ்டோருக்கு அவர்தான் பெரியவர். அப்பா கேட்க வாய் திறக்கும் முன்பே சொன்னார்: "சாவி ஒங்கிட்டத்தான் இருக்கு. எனக்கு அந்தப் பக்கம் வேல இல்ல. நான் ஒண்ணும் பாக்கல." நல்ல மனுசன் என்று லயமே அவரைப் புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன். பார்க்காமல் இருந்ததுதான் அவர் செய்த உதவி.

தேயிலை ஏற்றுமதிக்கு அப்போது பலகைப் பெட்டிகள் இருந்தனவே, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது, அதில் ஒன்றைப் பாதியாக அறுத்தார் அப்பா. அடியில் பஞ்சு, மேலே அம்மாவின் பழைய சேலை. தம்பியை உள்ளே வைத்ததும் ஈயத்தாளில் அவன் பத்துப் பதினைந்து பேராகத் தெரிந்தான். அத்தனை பேரும் வாயைத் திறந்து மூடினார்கள். அடுப்புச் சுவரிலிருந்து நாலு முழம் தள்ளிப் பெட்டியை வைத்தார். அதற்குள் போனால் சுடும், அத்தனை சூடு அன்றைக்கு.

மருத்துவச்சி போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். "சும்மா சும்மா தூக்காதீங்க. பால் குடுக்கத் தவிர கை படக் கூடாது. சளி புடிச்சிரும்."

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். கம்பளியைப் போர்த்தியிருந்தாள். பாலைப் பீய்ச்சிச் சிரட்டையில் எடுத்து, திரி நனைத்து அவன் வாயில் சொட்டுவாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். தொடவில்லை. சொன்னதைக் கேட்டாள்.

*

முதல் நாள் நாலு முழம். இரண்டாம் நாள் இரண்டரை. அப்பா வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் என்னைக் கூப்பிடுவார். அடுப்பு நின்றதால் அவரைப் புல்லு வெட்டப் போட்டிருந்தார்கள். நான் சுவரில் உள்ளங்கையை வைப்பேன், பிறகு கன்னத்தை. "எப்புடி?" "சுடுது." "நேத்த விடவா?" "நேத்த விடக் கொஞ்சம் கம்மி." அவர் தலையாட்டிப் பெட்டியை உள்ளே நகர்த்துவார். கரித்துண்டால் தரையில் ஒரு கோடு போடுவார். என் கை சொன்னது, அவர் செய்தார். ஒரு பெரிய மனிதனுக்கு நான் கையாக இருந்தேன்.

தம்பி இளஞ்சிவப்பாக மாறியிருந்தான். அதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்கு அநியாயம். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் திரியைச் சப்பினான். ஒரு முறை அழக்கூடச் செய்தான், பூனைக்குட்டி தும்மியது போல. அப்பா சிரித்தார். லயத்தில் எல்லாரிடமும் சொன்னார். எட்டு நாள் தாண்டிவிட்டால் அடுத்த மாசம் கதிர்காமத்துக்கு நடந்தே போவேன் என்றார்.

நீங்கள் பீலிக்கரையில் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். மலை ஊற்றை மூங்கிலில் இறக்கிய அந்தப் பீலியடியில்தானே நம் ஊர்க்கதை எல்லாம்.

"ஏ புள்ள, ஒங்க தம்பியத் தேயிலை மாதிரிக் காய வைக்கிறாங்களாமே?"

"காஞ்ச பொறகு சலிப்பாங்களா?"

"என்னா கிரேடு வரும்? பீஓபியா?"

"அவன் இருக்குற சைசுக்கு டஸ்ட்டுதான்!"

நானும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள்மேல் கோபமில்லை. உங்களை விடப் பலமாக நான்தான் சிரித்தேன்.

மூன்றாம் நாள் ஒரே முழம். அன்றைக்குத்தான் புடவைக்கார நானாவின் வேன் வந்தது. மாதம் ஒரு தடவை பண்டாரவளையிலிருந்து சேலை, சாரம், சட்டைத் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவாரே, தொப்பியும் வெற்றிலைச் சிவப்பு வாயுமாக. விஷயத்தை லயத்தில் கேட்டுவிட்டு நேரே அடுப்பு ரூமுக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"யா அல்லா. புள்ளயப் பெட்டிக்குள்ள வச்சி ஈக்கிறீங்க? சாமான் மாதிரி?"

அப்பா எழுந்தார். "சூட்டுக்கு வச்சிருக்கோம் நானா. செவுத்தத் தொட்டுப் பாருங்க."

நானா சுவரைத் தொடவில்லை. குனிந்து தம்பியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வியாபாரம் இல்லை. "வேன் கீழ நிக்கிது. சீட்டுல ஈக்கிற துணியெல்லாம் எறக்கிப் போடுறன். தாயும் புள்ளயும் ஏறட்டும். பதுளைக்கு ஒரு மணித்தியாலம். எனக்குச் சல்லி ஒண்ணும் தர வாணாம்."

"இன்னும் நாலஞ்சி நாளு தாங்கும் நானா. நல்லாத்தான் இருக்கான். பால் குடிக்கிறான்."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குள்ள தண்டு வந்துரும். அடுப்பு மூட்டிருவோம்."

"தண்டு வராட்டி?"

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "ஒங்களுக்குத் துணி தெரியும். எனக்கு அடுப்புத் தெரியும்."

நானா அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க சொல்லுங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "ஆயி, வச்சிப் பாரு." நான் சுவரில் கை வைத்தேன். அன்றைக்கு உண்மையிலேயே நல்ல சூடு இருந்தது. சொன்னேன். நானா வேனுக்குப் போனார். சின்னப் பூப்போட்ட வெள்ளை ஃபிளானல் துணி ஒரு கஜம் கொண்டுவந்து பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வேன் வளைவில் திரும்பும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நம் மலையில் எந்தச் சத்தமும் சீக்கிரம் போய்விடாது.

*

நாலாம் நாள் காலையில் அம்மா என்னிடம் அழுக்குத் துணிகளைக் கொடுத்தாள். "பீலியில அலசிட்டு ஓடியா." மார்கழித் தண்ணீர். மழையும் பிடித்துக்கொண்டது. ஃபிளானல் துணியையும் சேலைத் துண்டுகளையும் அலசிப் பிழிந்தேன். விரல் எது, துணி எது என்று தெரியாமல் போனது. ஓடி வந்தேன். அப்பா அரிவாளோடு வாசலில் காத்திருந்தார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"சுருக்கா வச்சிப் பாரு ஆயி."

வைத்தேன். அந்த நிமிஷத்தை இப்போதும் என் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். விறைத்த கைக்கு அந்தச் சுவர் தேவாமிர்தமாக இருந்தது. எலும்பு வரைக்கும் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்ல சூடுப்பா."

"நேத்து மாதிரியா?"

"நேத்த விடக் கூட இருக்குற மாதிரி இருக்கு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மாவிடம் திரும்பினார். "நாஞ் சொல்லல? உள்ள கெடக்குற சூடு இப்பத்தான் வெளிய வருது." பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தார், கோடு போடவில்லை, இனிப் போட இடமில்லை. அன்றைக்கு இரண்டு தடவை கொழுந்து லொறி வந்து போனது. ஸ்டோர் வாசலில்தான் நின்றது. ஏறியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் என் கை தன் சூட்டுக்குத் திரும்பியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஏதோ சரியில்லை என்று முதுகுக்குத் தெரிந்தது. மறுபடி கை வைத்தேன். சுவர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. வெறும் சுவராக இருந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் சொன்னது பொய்யாகிவிடும். அப்பா அத்தனை சந்தோஷமாகப் போயிருக்கிறார். இன்னொரு தடவை பார்த்தால் சூடாக இருக்கலாம் என்று நினைத்தேன். பார்த்தேன். இன்னொரு தடவை. சாயங்காலம் அப்பா நனைந்து குளிர்ந்து வந்தார், அலுப்பில் கேட்க மறந்தார், நான் சொல்லவில்லை.

மகள் சொன்னாள், வெண்குறுமீன் ஆறும்போது நடுவிலிருந்து உறையத் தொடங்குமாம், கண்ணாடிக் கல் போல. உறையும் நேரத்தில் கொஞ்சம் சூட்டை வெளியே விடுமாம். அதனால் ஆறுவது சற்றுத் தாமதமாகுமாம். அப்பா சொன்னது செங்கல்லுக்குப் பொய். எங்கோ கண்ணுக்கெட்டாத ஒரு கிழட்டு நட்சத்திரத்துக்கு அது உண்மை. அவர் உயிரோடு இருக்கும்போது இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பெருமைப்பட்டிருப்பார். அதை நான் தாங்கியிருக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் தம்பி திரியைச் சப்பவில்லை. உதடு நாவல் பழம் தின்றது போல இருந்தது. அப்பா என்னைக் கேட்கவில்லை. இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே கையை விட்டார், தோள் வரைக்கும், பிறகு தலையும் நுழைந்தது. முழு ஆளும் உள்ளே போய்விட்டார். சாம்பலை மண்வெட்டியால் ஒதுக்கும் சத்தம் கேட்டது. முகமெல்லாம் சாம்பலோடு வெளியே தலையை நீட்டி, "இங்க இருக்கு. உள்ள இன்னும் இருக்கு. பெட்டியக் குடு" என்றார்.

அம்மா பெட்டியைக் கொடுத்தாள். அந்த அடுப்பின் வயிற்றுக்குள், நடுச் சாம்பலில், என் தம்பியை வைத்தார்கள். அதற்கு மேல் பக்கத்தில் போக முடியாது. அம்மா கதவடியில் மண்டியிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயத்தாளில் வெளிச்சம் இல்லை. இருட்டுக்குள் ஒரு சின்ன வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மத்தியான லொறியின் ஹோர்ன் கேட்டது. அம்மா எழுந்தாள். ஐந்து நாளில் அவள் குரல் உயர்ந்து கேட்டது அப்போதுதான்.

"போதுங்க. வெளிய எடுங்க எம் புள்ளய."

*

லொறியில் ஏறிப் போன அப்பாவும் அம்மாவும் பொழுது சாயும்முன் நடந்தே திரும்பி வந்தார்கள். லொறி தெமோதரை ஸ்டேசனைத் தாண்டும் முன்பே தம்பியின் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கதவு இந்தத் தடவை நீலமா வேறு நிறமா என்று பார்க்கக்கூட முடியவில்லை. அப்பா மண்வெட்டி எடுத்துக்கொண்டு பதினோராம் நம்பர் மலைக்குப் போனார். ஃபிளானல் துணியோடுதான் அடக்கினார்கள். மறுவாரம் தண்டு வந்தது. அப்பா அடுப்பை மூட்டினார். பெட்டியின் பாதிப் பலகையை முதல் விறகாகப் போட்டார் என்று உங்களில் யாரோ சொன்னீர்கள்; நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அப்பா ஒரே சொல்லைச் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், என் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியிடம், பேரப்பிள்ளைகளிடம். "சூடு இருந்திச்சி. செவுறு ஏமாத்தல. எம் மக கை வச்சிப் பாத்துச் சொன்னா. அவன் எழுத்து அம்புட்டுத்தான்." கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாடி பார்க்க வந்த நர்ஸிடம் என் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை பொய் சொல்லாது நோனா." அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதோ, இஸ்திரி போடுகிறாளே, இவளும் நாள் முந்திப் பிறந்தவள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்று நினைத்தேன். அங்கே இருந்த நர்ஸம்மா என் சட்டையைத் திறக்கச் சொல்லி, இவளை வெறும் உடம்போடு என் நெஞ்சில் படுக்க வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினாள். "இத விட நல்ல சூடு எந்த மெசினுலயும் இல்ல" என்றாள். நான் அழத் தொடங்கினேன். சந்தோஷம் என்று நினைத்து முதுகைத் தட்டினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அடுப்பு ரூமில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அம்மாதான். கம்பளிக்குள் அவள் உடம்பு எரிந்துகொண்டிருந்தது. பால் கட்டிக் காய்ச்சல்கூட இருந்தது. எல்லாரும் செத்த அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். உயிரோடு இருந்த அடுப்பு ஒரு முழத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, சளி பிடித்துவிடும் என்று. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் சாகும்வரை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். பழக்கிவிட்டார்கள்.

பழக்கியது அந்த ஐந்தாம் நாள் லொறியடியில்தான். நீங்கள் எல்லாரும் தள்ளி நின்றீர்கள், மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. உங்களுக்கு அது கேட்டிருக்காது. அப்பா முன்னால் போய் டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார், கொழுந்தை எடை போடாமல் உடனே புறப்படச் சொல்லி. அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தம்பியை முதல் தடவையாக ரவிக்கைக்குள், நெஞ்சோடு வைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் படியில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா."

"எறங்கு. லொறி எடுக்கப் போறாங்க."

"அம்மா, நேத்து எங் கை வெறச்சிருந்திச்சி. பீலித் தண்ணியில. அதான் சூடா தெரிஞ்சிச்சி. செவுறு நேத்தே ஆறிருச்சும்மா. எனக்குத் தெரியும். நாஞ் சொல்லல."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, மழையில் டிரைவரிடம் கும்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல் இருந்தது. அப்பா ஓடி வந்து மறுபக்கம் ஏறக் கதவில் கை வைத்துவிட்டார். அம்மா குனிந்து, என் காதோடு, கோபமே இல்லாத ஒரு குரலில் சொன்னாள்:

"இத ஒங்கப்பாக்கிட்ட என்னைக்குமே சொல்லிறாத ஆயி. அந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு."